மட்டக்களப்பு வாவிக்கரை மரபில் முதிர்ந்த காதல்

காதல் என்றதும் இளமையை நினைப்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கமாகும். மட்டக்களப்பு நாட்டார் கவிகளைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் கன்னியின் குரலையும் காளையின் குரலையுமே எடுத்துக்காட்டி அமைகின்றனர். மச்சானும் மச்சாளும் மறைவிற் கண்டு பேசுதல், தூது விடுதல், தாய்க்கு அஞ்சுதல் என்பனவே காதலின் முழு வடிவம் என்பது போன்ற ஓர் எண்ணம் இதனால் வளர்ந்துள்ளது. மணம் முடித்துப் பல்லாண்டு வாழ்ந்தோரின் அன்பும், துணையை இழந்தபின் மீண்டும் ஒரு துணையை நாடுவோரின் அன்பும் இவ்வெண்ணத்தினுள் அடங்குவதில்லை. அவை காதலாகவே கருதப்படாது, கடமையாகவோ தேவையாகவோ, சிலவிடத்துக் குற்றமாகவோ கருதப்படுகின்றன.

வயது முதிர்ச்சியும் வாழ்க்கைப் பட்டறிவும் காதலுறவிற்கு அணி சேர்ப்பனவா, அல்லது அதன் மதிப்பைக் குறைப்பனவா என்னும் வினாவை மட்டக்களப்பு வாவிக்கரைச் சமூகத்தை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதிர்ச்சியை மதித்தல் என்பது மனப்பான்மை மட்டும் சார்ந்ததன்று. வீடு, நிலம், உறவு ஆகியவற்றில் ஒருவர்க்கு உள்ள நிலையையும் அது சார்ந்தது என்பதே நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

இலக்கண மரபின் நோக்கு

தமிழில் காதலுக்கு முதன்முதல் இலக்கணம் வகுத்த நூலாக நமக்குக் கிடைப்பது தொல்காப்பியம். முதிர்ச்சி பற்றி அந்நூல் கொண்டுள்ள நோக்கு ஒருமுகமானதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய பத்து வகை ஒப்புமைகளுள் ஆண்டினையும் ஒன்றாக மெய்ப்பாட்டியல் எண்ணுகின்றது. அகத்திணையியலோ இளமை நீங்கிய நிலையில் எழும் காமத்தைப் பெருந்திணையின்பாற் சேர்க்கின்றது. இதற்கு உரை கண்ட இளம்பூரணர், தலைவன் முதியனாய்த் தலைவி இளையளாதல், தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதல், இருவரும் இளமை கடந்தபின் அறத்தை விடுத்துக் காமத்தின்மேல் மனம் செலுத்துதல் என அதனை மூவகைப்படுத்துவர். பெருந்திணை என்பது பொருந்தாக் காமம் என்று பிற்காலத்தார் கொண்டமையின், மூத்தோர் காதல் அகத்தின் நடுவிடத்தை இழந்தது எனலாம்.

ஆயினும் இது ஒரு பக்கமே. அதே நூலின் கற்பியல், இறுதிப் பகுதியில், காமம் நிறைவெய்திய பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் அறம் புரிந்து வாழ்தலை அதுவரை நிகழ்ந்த வாழ்வின் பயனாகக் கூறுகின்றது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியின் செவிலிகூற்றுப் பத்து, புதல்வனை நடுவே கொண்டு தாயும் தந்தையும் இன்புற்றிருக்கும் காட்சியைச் செவிலியின் வாயிலாகப் போற்றுகின்றது. எனவே, இளமையில் தொடங்கி முதுமைவரை வளர்ந்த அன்பினைப் பழைய மரபு உயர்த்திப் பேசியது. இளமை கடந்தபின் தொடங்கும் அன்பினையே ஐயத்தோடு நோக்கியது. இவ்வேறுபாட்டினை மனத்திற் கொண்டு நாம் வாவிக்கரைக்கு வருவோம்.

பெண் வழி வீடு

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல் நிலம் படுவான்கரை. 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோதிலும், பண்பாட்டு நோக்கில் கல்முனை, அக்கரைப்பற்று முதலிய தென்பகுதிகளையும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். இப்பிரதேசத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக வரும் குடி முறையினைக் கொண்டுள்ளனர். ஒருவன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவன். தன் குடியுள் மணம் செய்யான். வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இம்மரபுகளைத் தமிழில் விரிவாகப் பதிவு செய்த நூலாகும். நூர் யல்மன், டெனிஸ் மக்கில்வ்றே ஆகிய மானிடவியலாளரும் கீழ்க்கரையின் குடி முறையினை ஆராய்ந்துள்ளனர்.

இம்முறையில் நமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது மணத்தின்பின் வாழும் இடமாகும். மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வதே இங்குப் பெருவழக்கு. மூத்த மகளுக்கு மணம் நிகழுமிடத்துப் பெற்றோர் தாம் வாழும் வீட்டினையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, மணமாகாத பிள்ளைகளோடு அவ்வளவிலோ அருகிலோ வேறொரு வீட்டிற்குச் செல்வர். அடுத்த மகளுக்கு மணம் வரும்போது அவ்வீட்டையும் கொடுப்பர். இவ்வாறு தம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை வீடு மாறிய தம்பதியர் வாவிக்கரை ஊர்களிற் பலர்.

இவ்வழக்கத்தினைப் பொருளியல் நோக்கில் மட்டும் விளக்குவது போதாது. ஐம்பது வயதை எட்டிய கணவனும் மனைவியும், தாம் கட்டி வளர்த்த வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்து, ஒரு சிறு வீட்டில் மீண்டும் அடுப்பு மூட்டுவதனை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். இளமையில் மணந்தபோது அவனுக்கு அவ்வீடு அந்நியமானது. மாமியும் பெத்தாவும் மனைவியின் தமக்கை தங்கையரும் சூழ, விருந்தாளியைப் போல அவன் அங்கு வந்தான். இப்போதோ வீடு சிறியதாயினும் இருவரும் சேர்ந்து தேடியது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, எந்த மகளுக்கு எவ்வளவு என்னும் கடினமான வினாக்களை இருவரும் பேசித் தீர்த்தே அவ்விடத்தை அடைந்தனர். இப்பேச்சில் வளரும் நெருக்கத்திற்கு நாட்டார் கவியில் இடம் குறைவு. எனினும் அதனைக் காதல் என்று கூறாது வேறு எப்பெயரால் அழைப்பது?

இளைய தம்பதியர்க்கும் இவ்வமைப்பிற் பயன் உண்டு. புதிதாக மணந்தோர் மூத்த தம்பதியரின் ஊடலையும் கூடலையும் அண்மையிலிருந்து காண்கின்றனர். கணவனின் சினம் எவ்வளவு நேரம் நிற்கும், மனைவியின் மௌனத்திற்குப் பொருள் யாது என்பனவற்றை எந்த நூலும் கற்பிப்பதில்லை. பக்கத்து வீட்டில் வாழும் மாமனும் மாமியுமே அப்பாடத்தின் ஆசிரியர். மூத்தோரின் அண்மை சில வேளைகளிற் சுமையாதலும் உண்மையே. ஆயினும் பெண் தன் உறவினர் நடுவே வாழ்வதனால், அவள் குரலுக்கு ஒரு துணை இருக்கின்றது என்பதனை மறுத்தற்கில்லை.

பிரிவு தந்த பட்டறிவு

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடைய குடும்பங்களுக்குப் பிரிவு ஆண்டுதோறும் வரும் விருந்தாகும். பெரும்போக வேளாண்மைக் காலத்தில் ஆடவர் தோணியேறி வாவியைக் கடந்து, வட்டையிலே வாடி அமைத்துத் தங்குவர். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருத்தல் வேண்டும். உழவு இயந்திரமும் பாலங்களும் தெருக்களும் பெருகுமுன் இப்பிரிவு கிழமைக்கணக்கில் நீண்டது. மட்டக்களப்புக் கவிகளில் பிரிவுத் துயர் மிகுந்து காணப்படுதற்கு இத்தொழில் முறையும் ஒரு காரணமாகும்.

புதிதாக மணந்தவள் பிரிவை அஞ்சுகின்றாள். பத்துப் போகம் கண்டவள் அதனை அறிந்திருக்கின்றாள். அறிதலினால் துயர் இல்லாமற் போவதில்லை. ஆனால், அத்துயரில் வீட்டை நடத்துதல், கடனைத் தீர்த்தல், பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்தல் ஆகியவற்றிற்கு இடம் விடும் வகையை அவள் அறிவாள். அவனும், தான் இல்லாத காலத்தில் அவள் செய்த முடிவுகளைத் திரும்பிவந்து மாற்றாமல் ஏற்கப் பழகுகின்றான். முதிர்ச்சி என்று நாம் கூறுவது இதுவே. அது வயதினால் தானாக வருவதன்று; ஒருவர் மற்றவரின் முடிவை நம்பிப் பழகிய பழக்கத்தினால் வருவது.

இம்முதிர்ந்த அன்பின் குரலைக் காதற் கவிகளிலன்றி ஒப்பாரியிலேயே நாம் தெளிவாகக் கேட்கின்றோம். கணவனை இழந்த பெண் அவனுடைய அழகை மட்டும் சொல்லி அழுவதில்லை. அவன் உண்ட முறை, தேடி வைத்த பொருள், பிள்ளைகளை நடத்திய விதம், தன்னைப் பிறர்முன் காத்த விதம் என்று ஓர் இல்லறத்தின் வரலாற்றையே சொல்லி அழுகின்றாள். வாழும் காலத்தில் சொல்ல வாய்ப்பில்லாத அன்பு சாவீட்டிலே முழுமையாகச் சொல்லப்படுகின்றது. ஆகவே, நாட்டார் பாடல்களில் மூத்தோர் காதல் இல்லை என்பது சரியன்று. நாம் அதனைத் தேடிய இடமே தவறானது.

கண்ணகி வழிபாடு காட்டும் உண்மை

மட்டக்களப்பில் வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்பட்டுச் சடங்குகள் நிகழ்தலும், கண்ணகி வழக்குரை பாடப்படுதலும், குளிர்த்தியோடு அவை நிறைவுறுதலும் யாவரும் அறிந்தவை. இவ்வழிபாட்டினைப் பத்தினி வழிபாடு எனக் கூறி அமைவோர் பலர். கதையின் உள்ளே ஒரு காதல் முதிர்ந்த வரலாறும் உளது என்பதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

சிலப்பதிகாரத்தின்படி மணநாளில் கண்ணகிக்கு வயது 12ஐ அணுகியது, கோவலனுக்கு 16. அம்மணத்தைப் பெற்றோர் அமைத்தனர். மங்கல வாழ்த்துப் பாடியோர் ஊரார். அவன் மாதவியிடம் சென்றான், பொருள் இழந்தான், திரும்பினான். திரும்பிய கணவனுக்குக் கண்ணகி சிலம்பைக் கொடுத்ததும், இருவரும் மதுரை நோக்கி நடந்ததும் அவர்தம் இரண்டாம் மணம் போன்றன. முதல் மணத்திற் பொருளும் சுற்றமும் இருந்தன, பட்டறிவு இல்லை. இரண்டாவதிற் பொருளும் சுற்றமும் இல்லை. தவற்றை உணர்ந்த ஒருவனும், அத்தவற்றை அறிந்தே அவனோடு நடந்த ஒருத்தியும் இருந்தனர். அவ்வழிநடையிலேயே கோவலன் அவளை உண்மையாக அறிகின்றான். கண்ணகியின் பொறுமையை மனைவியர் யாவர்க்கும் விதியாக்குதல் நமது கருத்தன்று. வாழ்வில் அடிபட்ட அன்பினை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதனை இக்கதை காட்டுகின்றது என்பதே நாம் கூற வருவது.

உடைமையும் உரிமையும்

முதிர்ந்த பெண்ணின் சொல்லுக்கு வாவிக்கரையில் இருந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? அதன் ஒரு பகுதி உடைமையிலிருந்து வந்தது. இப்பிரதேசத்தில் முன்னர் வழங்கிய முக்குவர் சட்டத்தினைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அச்சட்டத்தின்படி முதுசப் பொருள் ஒருவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. பெண் வழியாகச் சொத்து இறங்கியதாயினும், அதனை ஆண்டோர் பெரும்பாலும் ஆடவரே. ஆதலின், அப்பழைய நிலையைப் பெண்ணுரிமையின் பொற்காலம் எனப் புனைந்துரைத்தல் பொருந்தாது.

அதே 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. மகளுக்கு வீடும் வயலும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமே தாய்வழி மரபின் தொடர்ச்சியாக நிலைத்தது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொத்தினைத் தானே ஆளும் உரிமையை வழங்கியது. தேசவழமை வழங்கும் யாழ்ப்பாணத்தில், மணமான பெண் தன் அசையாச் சொத்தினை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான இணக்கம் வேண்டும். மட்டக்களப்பில் அவ்வாறு இல்லை. இவ்வேறுபாடு சட்ட நூலுக்கு மட்டும் உரியதன்று. தன் வீட்டுக்குத் தானே உரியவளான பெண், நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் ஒரு துணையை ஏற்கவோ மறுக்கவோ முடியும். ஒதுங்க இடமில்லாதவளுக்கு அத்தெரிவு இல்லை. அவள் இசைந்தாலும் அது இசைவா, தஞ்சமா என்பதனைப் பிரித்தறிதல் அரிது.

சீதன வழக்கத்தின் மறுபக்கத்தையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. வீடு கொடுக்க இயலாத ஏழைக் குடும்பத்தின் பெண்கள் மணமின்றி முப்பதையும் நாற்பதையும் கடக்கின்றனர். பெண்ணுக்கு வலிமை தரும் அதே வீடு, அது இல்லாத பெண்ணுக்குத் தடையாகின்றது.

போரும் ஆழிப்பேரலையும்

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இப்பிரதேசம் பேரிழப்பினை அடைந்தது. கணவன்மார் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் போக, குடும்பத்தின் முழுப் பொறுப்பையும் பெண்கள் ஏற்றனர். கீழ்மாகாணத்தில் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூல், தாய்வழி மரபு இருப்பதனாலேயே ஆணாதிக்கம் இல்லாமற் போய்விடுவதில்லை என்பதனை எடுத்துரைக்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோர ஊர்களை அழித்தது. மட்டக்களப்பில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்தனர். பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட ஆடவர் பலர். அவருள் விரைவில் மறுமணம் செய்தோரும் உளர். அவர்களை ஊர் பழிக்கவில்லை. “பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் வேணுமே” என்றது. போரில் கணவனை இழந்த பெண் மறுமணத்தை எண்ணியபோதோ, “பிள்ளைகள் இருக்கிறார்களே, இனி இவளுக்கு இது எதற்கு” என்றது. பிள்ளைகள் இருத்தல் ஆணுக்கு மறுமணத்திற்கான காரணம். பெண்ணுக்கு மறுமணத்திற்கான தடை. ஒரே பட்டறிவு ஆணிடத்தில் தகுதியாகவும் பெண்ணிடத்தில் குறையாகவும் எண்ணப்படுதலை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

மறுமணம் பற்றிய மனப்பான்மை எங்கும் ஒரே தன்மையதன்று. சாதி, சமயம், செல்வநிலை என்பனவற்றிற்கேற்ப அது வேறுபடுகின்றது. இஸ்லாமிய நெறி, இத்தாக் காலத்தின்பின் கைம்பெண் மறுமணம் செய்தலை அனுமதிக்கின்றது. சைவரிடையே உயர்நிலை கோரும் குடும்பங்கள் அதனை விரும்புவதில்லை. எனினும், அனுமதி உள்ள இடத்திலும் ஊர்வாய் ஓய்வதில்லை என்பது கண்கூடு.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் வீடுகள் வழங்கப்பட்டபோது இன்னொரு சிக்கலும் தோன்றியது. குடும்பத் தலைவன் என்னும் பெயரில் ஆணுக்கே உறுதி எழுதும் நிருவாக வழக்கம், பெண் வழியாக வீடு இறங்கும் மரபோடு முரண்பட்டது. மனைவியின் சீதன வீடு அழிந்த இடத்தில் கணவனின் பெயரில் வீடு எழுந்தது. அப்பெண்ணின் எஞ்சிய வாழ்நாளில் அவள் சொல்லுக்கு இருந்த நிறையும் அதனோடு மாறக்கூடும்.

எது மதிப்பு?

மேற்கூறியவற்றைக் கொண்டு, காதலுறவில் முதிர்ச்சியை மதித்தல் என்றால் யாது என்பதனை இனி வரையறுக்கலாம். மூத்த துணையை ‘நன்றாகக் கவனிப்பார்’, ‘சமைத்துப் போடுவார்’, ‘காசு வைத்திருப்பார்’ எனக் கருதுதல் மதிப்பன்று. அது பயன் கருதல். ஒருவரின் பட்டறிவை மதித்தல் என்பது, அப்பட்டறிவினால் அவர் கொண்ட தீர்மானங்களை மதித்தல். கைம்பெண் ஒருத்தியை விரும்புவோன் அவளுடைய முதற் கணவனின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்வானாயின், அவன் அவளது வாழ்வின் ஒரு பகுதியை மட்டுமே விரும்புகின்றான். அப்படத்தின் முன் விளக்கேற்றும் அவளையே விரும்புவானாயின், அவன் அவளை முழுமையாக ஏற்கின்றான்.

வயது வேறுபாடு பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆண் மூத்தவனாதல் இயல்பு என்றும் பெண் மூத்தவளாதல் முறைகேடு என்றும் நம் சமூகம் கருதுகின்றது. உலக அறிவுடைய இருவர் தம் விருப்பினால் இணையுமிடத்து இவ்வேறுபாட்டிற்கு நியாயம் இல்லை. ஆனால், ஒருவர் இன்னும் உலகறியாத பருவத்தினராயின் மற்றவரின் பட்டறிவு அன்பாக அமையாது, ஆதிக்கமாகவே அமையும். இலங்கையின் பொதுச் சட்டம் 1995இல் மணவயதினை 18 ஆக உயர்த்தியதன் அடிப்படையும் இதுவே. முதிர்ச்சி போற்றத்தக்கதாவது இருபுறத்தும் தெரிவுரிமை உள்ளபோது மட்டுமே.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, இளமை கடந்தபின் எழும் அன்பினைப் பழைய இலக்கணம் ஓரத்தில் நிறுத்தியது. வாவிக்கரை மரபு அதனை வெளிப்படையாகப் போற்றவில்லை. ஆயினும் பெண்ணுக்கு வீடும் சுற்றமும் தந்தமையால், அது வளர்தற்கு ஏற்ற நிலத்தினை அமைத்தது. அந்நிலம் இன்று போரினாலும் பேரழிவினாலும் நிருவாக வழக்கத்தினாலும் குறுகி வருகின்றது. மூத்தோர் காதலைப் பாராட்டிக் கவி எழுதுதல் எளிது. வீட்டு உறுதியிற் பெண்ணின் பெயர் இடம்பெறச் செய்தலும், கைம்பெண்ணின் மறுமணத்தைக் கேட்டு முகம் சுளிக்காதிருத்தலும், தாயின் அல்லது தந்தையின் துணை நாட்டத்தை வளர்ந்த பிள்ளைகள் வெட்கமாகக் கொள்ளாதிருத்தலும் அதனினும் கடினமானவை.

நாட்டாரியல் ஆய்வில் ஈடுபடும் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. இதுவரை முதியோரிடம் சென்று அவர்தம் இளமைக்காலக் கவிகளையே நாம் கேட்டு எழுதி வந்தோம். இனி அவர்தம் இல்லற வரலாறுகளையும் கேட்டு எழுதுவோமாக. வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிறு வீட்டின் திண்ணையில் வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பெத்தாவிடமும், அதனை வாங்கிக்கொள்ளும் பெத்தப்பாவிடமும் கேட்டறிய வேண்டியவை இன்னும் பலவாக உள்ளன.